சரக்கு ட்ரெய்லரைத் தங்கும் வண்டியாக்குவது: செட்டிநாட்டு வெயிலுக்கு ஏற்ற முதல் பாடம்

கேம்பர் என்றால் காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்னத் தங்குமிடம். கால் நீட்டிப் படுக்க இடம், விளக்கு, விசிறி, இரண்டு குடம் தண்ணீர், அடுப்பு வைக்க ஒரு பலகை. இவ்வளவு இருந்தால் அது கேம்பர்தான். புதிதாகச் செய்து விற்பதை வாங்கினால் கையைக் கடிக்கும் என்பதால், அமெரிக்காவில் பலர் பழைய மூடிய சரக்கு ட்ரெய்லரை வாங்கி, உட்புறத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். சுவர், கூரை, தரை, அச்சு, சக்கரம் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. மழை உள்ளே வராத ஒரு பெட்டி தயாராகக் கிடைக்கிறது என்பதே அந்த வழியின் பெரிய லாபம்.

நம் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக்கு இது ரொம்பவே பொருந்துகிற யோசனை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற குழுக்களுக்குப் பின்னால் சாமான் வண்டி போகாத ஆண்டு கிடையாது. படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் குடும்ப வழிபாடு), திருவிழா, சாந்தி கல்யாணம் என்று பங்காளிகள் கூடும்போது வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) நிறைந்த வீட்டிலும் வயதானவர்கள் படுக்க ஒதுக்கமான இடம் தேட வேண்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து பத்து நாள் கோயில் கோயிலாகச் சுற்றும் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் இழுத்துப் போகிற ஓர் அறை உதவும்.

ஆனால் சரக்குப் பெட்டியைக் கட்டியவர் மனிதரை நினைத்துக் கட்டவில்லை. அரிசி மூட்டைக்கு வியர்க்காது, மூச்சு முட்டாது. நடு இரவில் எழுந்து கதவைத் திறக்க வேண்டிய அவசியமும் அதற்குக் கிடையாது. மூட்டைக்குத் தேவைப்படாத இந்த மூன்றையும் செய்து முடித்தால்தான் அது மனிதர் தங்கும் இடம். மெத்தை உறை என்ன நிறம், அலமாரி எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு. முதல் நாளே அலமாரிக்கு அளவெடுக்கப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதத்தைப் பார்த்துவிடுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் தனியாகப் பதிவு உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தப் பதிவுச் சான்றின் (ஆர்.சி.) நகலையும், செய்ய நினைக்கும் மாற்றத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். எது அனுமதிக்கப்படும், எதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஷூரன்ஸும் அப்படித்தான், மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் கை விரித்துவிடுவார்கள். உங்கள் கார் எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதைக் காரின் கையேட்டில் தேடுங்கள். அதில் இல்லையென்றால் கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். இன்னொன்று: வண்டி ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது. குழந்தை தூங்குகிறதே என்றுகூட விடக் கூடாது.

இப்போது பெட்டியைத் தேடலாம். நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது டிராக்டர் ட்ரெய்லர். அது கல்லும் மணலும் சுமக்கக் கனமாகக் கட்டியது, காருக்குப் பின்னால் கட்ட ஆகாது. நமக்கு வேண்டியது இலகுவான மூடிய பெட்டி. தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றிய பெட்டி மலிவாக வந்தாலும் வேண்டாம் என்பேன். உப்புநீர் இறங்கிய இரும்பை அடியிலிருந்து துரு தின்றிருக்கும். வாடையும் லேசில் போகாது.

பார்க்கப் போவதை நடுப்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏறி, கூட வந்தவரை வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கூரை மூலையில், ரிவெட் வரிசையில், கதவு ரப்பர் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரியும். அத்தனையும் ஐப்பசியில் தண்ணீர் சொட்டப் போகிற இடங்கள். சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணுங்கள். ஏழெட்டு என்றால் சீலன்ட் வைத்துச் சரிசெய்துவிடலாம், கூரை முழுக்க நட்சத்திரமாகத் தெரிந்தால் ஷீட்டே மாற்ற வேண்டும். பிறகு தரைப் பலகையின் ஓரங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல பலகை முனையை ஏற்காது, ஊறிப்போனது மாவாக உதிரும்.

கீழே குனிந்து சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் புதுசாகத் தெரிந்தாலும், வெயிலில் நின்றே ஆறு ஏழு ஆண்டு ஆன டயரை நம்பாதீர்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இழுத்துப் பார்த்து, நிறுத்தியதும் இரண்டு சக்கரத்தின் நடுக் குடத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்தப் பக்க பேரிங்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

இனி எடை. பதிவுச் சான்றில் காலி எடையும் மொத்த எடையும் இருக்கும். மொத்தத்திலிருந்து காலியைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்கள் கையிருப்பு. காலி 350, மொத்தம் 750 என்று வைத்துக்கொண்டால் 400 கிலோ. பலகை, மெத்தை, பேட்டரி, தண்ணீர், துணிமணி, குக்கர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்களின் ஆசை குறுக்கே வரும். தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தால் என்ன என்று தோன்றும். எட்டுக்கு ஐந்தடித் தரை 40 சதுர அடி. முக்கால் அங்குலக் கனமுள்ள சிமெண்டுக் கல் அந்த அளவுக்கு 150 கிலோவை ஒட்டி வரும், அடியில் போடும் கலவை தனி. வண்டி குலுங்கும்போது விரிசலும் விடும். அதே பூ வேலைப்பாடு அச்சிட்ட வினைல் விரிப்பு பத்துப் பன்னிரண்டு கிலோவில் முடிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லின் அழகு வெறுங்காலில் நடந்து நடந்து மினுங்குவதில் இருக்கிறது. அதை வீட்டிலேயே விட்டுவைப்போம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்கு நிலைக்கதவைப் பார்த்துவிட்டு மனசு அலைபாயும். அதுவும் வேண்டாம். கைப்பிடி, கொக்கி, ஒரு பித்தளைக் குமிழ் வாங்கி வையுங்கள், கண்ணுக்கு அது போதும். பலகைக்கு ஒரு கணக்கு: எட்டுக்கு நான்கடி பிளைவுட் ஒன்று 18 மில்லிமீட்டரில் 30 கிலோவைத் தாண்டும், 12-இல் 20 கிலோ சொச்சம், 6-இல் 10 கிலோ சொச்சம். சுவருக்கு 6 போதும். கட்டிலுக்கு 12 போட்டு அடியில் குறுக்குச் சட்டம் கொடுங்கள்.

எவ்வளவு எடை என்பதோடு, எங்கே எடை என்பதும் முக்கியம். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும், முன்பாரம் மிஞ்சினால் கழுத்து அமுங்கும். ட்ரெய்லருக்கும் அதே விதிதான், விளைவுதான் இன்னும் மோசம். பின்பாரம் ஏறிய ட்ரெய்லர் வேகத்தில் பாம்பாக நெளிய ஆரம்பித்து, இழுக்கும் காரையும் சேர்த்து ஆட்டும். திருச்சி நெடுஞ்சாலையில் பஸ் ஒன்று உரசினாற்போல் முந்திப் போகும்போது அடிக்கிற காற்றே அதற்குப் போதும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, காரோடு மாட்டும் கொக்கியின் மேல் அமர வேண்டும். 600 கிலோ வண்டி என்றால் 60 முதல் 90 கிலோ. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கி முனையை இழுக்கும் உயரத்திலேயே முட்டுக் கொடுத்து, முட்டுக்கு அடியில் வீட்டு எடைக் கருவியை வைத்தால் தெரிந்துவிடும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ வரட்டும். மெத்தை, துணி மாதிரி லேசானவை பின்னால் போகட்டும். எல்லாக் கனத்தையும் ஒரே பக்கச் சுவரில் அடுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது வெப்பம். செட்டிநாட்டில் இந்த வேலையின் பாதி இதுதான்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம் விழுகிறது. எட்டுக்கு ஐந்தடிக் கூரை 3.7 சதுர மீட்டர். ஆக 3,700 வாட் உங்கள் தலைக்கு மேலே இறங்குகிறது. கரும்பச்சை, கருநீலம் போன்ற நிறங்கள் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நல்ல வெள்ளைப் பூச்சு முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். மொட்டை மாடிக்கு அடிக்கிறார்களே, அந்தக் கூல் ரூஃப் பெயிண்டையே கூரைக்கு அடிக்கலாம். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். வேறு எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

கூரைக்கு மேல் இன்னொரு கூரை இருந்தால் இன்னும் நல்லது. சோலார் தகடு வைப்பதாக இருந்தால் அதைக் கூரையோடு ஒட்டாமல் மூன்று அங்குலம் உயர்த்தி, காற்று ஓடும்படி மாட்டுங்கள். மின்சாரமும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும்.

பிறகு உள்பக்கம் இன்சுலேஷன், அதாவது வெப்பத்தடுப்பு. தெர்மாகோலோ, அதைவிட இறுக்கமான எக்ஸ்.பி.எஸ். பலகையோ ஓரங்குலக் கனத்தில் கூரைக்கும் சுவருக்கும் ஒட்டி, மேலே 6 மில்லிமீட்டர் பிளைவுட் அடிப்பது வழக்கம். அது இரும்போடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வெப்பம் கடத்தாது. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே எங்கேயும் திறந்தபடி விடக் கூடாது. சட்டத்தின் இரும்புக் குழாய் நேராகப் பிளைவுட்டைத் தொட்டால் அந்த வரிசையில் மட்டும் சூடு கோடு கோடாக உள்ளே வரும். குழாய்க்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் அல்லது ஃபோம் பட்டை ஒன்று கொடுங்கள். பளபள ஃபாயில் ஒட்டுகிறவர்கள் அதற்கு முன்னால் காற்றிடைவெளி விட மறந்துவிடுகிறார்கள். இடைவெளி இல்லாத ஃபாயிலால் பயன் மிகக் குறைவு.

இன்சுலேஷன் போட்டால் குளிர்ந்துவிடும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அது வெப்பத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. பகலெல்லாம் மெல்ல உள்ளே ஏறிய சூட்டை இரவிலும் அது விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மாலை ஏழு மணிக்கு வெளியே காற்று இதமாக இருக்கும், உள்ளே போனால் அனல் அடிக்கும். சூடான காற்றை வெளியே தள்ளினால்தான் இன்சுலேஷன் வேலை செய்யும்.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டில் சித்திரை மதியம் உட்கார்ந்திருந்தால் இது உடம்புக்கே புரியும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். வானம் பார்த்த முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும், அந்த இடத்தை நிரப்பத் திண்ணைப் பக்கத்து நிழல் காற்று உள்ளே வரும். அந்தக் கனத்த சுவரையும் உயரத்தையும் ட்ரெய்லருக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் காற்றுக்கு ஒரு வழி, அதுவும் கீழே நுழைந்து மேலே வெளியேறும் வழி, நாமும் வைக்கலாம். பாடி கட்டும் பட்டறையில் ஒரு மேஸ்திரி, ஜன்னல் படம் கொண்டுபோனவரிடம் கேட்ட கேள்வி இதுதான்: “காத்து எங்கிட்டு வந்து எங்கிட்டுப் போகும்னு சொல்லுங்கண்ணே, அப்புறம் ஷீட்டை வெட்டுறேன்.”

ஆறடி உயரப் பெட்டியில் சூடான காற்று தானாக ஏறும் வேகம் போதாது. கூரையில் திறந்து மூடும் சின்னக் கதவும், அதில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் விசிறியும் வேண்டும். எட்டு, ஐந்து, ஆறடிப் பெட்டிக்குள் 240 கன அடிக் காற்று இருக்கிறது. நிமிடத்துக்கு 120 கன அடி இழுக்கும் விசிறி இரண்டு நிமிடத்தில் அவ்வளவு காற்றை வெளியே தள்ளிவிடும். நிழல் விழும் பக்கம், கட்டில் மட்டத்துக்குக் கீழே, கொசுவலை போட்ட இரண்டு திறப்பு வையுங்கள். மழைக்கும் அவை திறந்தே இருக்கும்படி வெளியே சிறு தாழ்வாரம் கொடுங்கள். கார்த்திகை அடைமழையில் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் தூங்கினால், மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரம் மெத்தைக்கு அடியில்தான் தங்கும். பூஞ்சை அங்கே பிறக்கும். அதனால் மெத்தைப் பலகையில் ஓரங்குலத் துளைகள் வரிசையாகப் போட்டுவிடுங்கள்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சரக்குப் பெட்டியின் தாழ் வெளியிலிருந்து பூட்டத்தான். உள்ளே இருப்பவர் திறக்க வழி இருக்காது. யாரோ ஒரு பையன் விளையாட்டாகத் தாழைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளிருந்து ஒரே இழுப்பில் திறக்கும் லிவரை வெல்டர் பொருத்தித் தர வேண்டும். மற்ற எந்த வேலைக்கும் முன்னால் இந்த வேலை. கதவு ஒன்று மட்டும் போதாது, படுக்கைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நுழைந்து வெளியேறும் அகலத்துக்கு ஜன்னல் ஒன்றும் இருக்க வேண்டும். கதவுப் பக்கம் தீப்பிடித்தால் அதுதான் வழி. ஒரு கிலோ தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

மின்சாரத்தில் கணக்கு எளிது. 12 வோல்ட் விசிறி 20 வாட், பத்து மணி நேரத்துக்கு 200 வாட்-மணி. இரண்டு எல்.இ.டி. விளக்கு ஐந்து மணி நேரத்துக்கு 50. போன்களுக்கு 30. இத்தனைக்கும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று தாராளம், அதில் 1,280 வாட்-மணி இருக்கிறது. சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் நாளுக்கு 500 வாட்-மணி அளவில் கேட்கும். அதையும் சேர்த்தால் 200 வாட் சோலார் தகடு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஏ.சி. ஆசையை மட்டும் பேட்டரியோடு சேர்க்காதீர்கள். ஒரு டன் ஏ.சி. ஆயிரம் வாட் வாங்கும், ஒரு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும்.

வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனம், சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும், அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. எந்த பேட்டரியாக இருந்தாலும் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் இல்லாத தடிமனான வயர் இரும்புச் சட்டத்தில் உரசினால் நெருப்புதான்.

ஊரில் நிறுத்தும்போது வீட்டிலிருந்து 230 வோல்ட் இழுத்துக்கொள்கிறீர்கள் என்றால் ஒரு நிபந்தனை. முழுப் பெட்டியும் இரும்பு, நிற்பதோ ரப்பர் டயரில். உள்ளே ஒரு வயர் உரிந்து பாடியைத் தொட்டாலும் ஃபியூஸ் போகாமலே இருக்கலாம். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று கதவைப் பிடிக்கிற ஆச்சிக்கு ஷாக் அடிக்கும். மூன்று கோர் வயர், சரியான எர்த், மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த இணைப்பே கொடுக்காதீர்கள். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

சமையல் வெளியே. நம் வீடுகளில் அடுப்படியைப் பின்கட்டுக்குத் தள்ளி வைத்ததற்குப் புகையும் சூடும் காரணம், இங்கே அந்தக் காரணம் பத்து மடங்கு வலுவானது. மூடிய பெட்டிக்குள் அடுப்போ கரியோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாடை இல்லை. பின்கதவைத் திறந்ததும் வெளியே இழுக்கிற பலகை ஒன்று, மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான் அடுக்களை. ஐந்து கிலோ சிலிண்டரை வெளிப்பக்கத் தனிப் பெட்டியில் வையுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். எனவே அந்தப் பெட்டியின் அடிப்பக்கத்தில் துளைகள் இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டும் சின்னக் குழாயும் போதும், பம்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கழிப்பறைக்கு மடக்கி எடுத்துப் போகும் வகை கிடைக்கிறது. கழுவிய தண்ணீரைத் தனி கேனில் பிடித்து வந்து முறையாகக் கொட்டுங்கள். ஊருணிக் கரையில் நிழல் இருக்கிறதே என்று நிறுத்திவிட்டு அங்கேயே சோப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவது எந்த ஊர்க்காரரும் பொறுக்காத காரியம். பொறுக்கவும் கூடாது.

எல்லாம் கட்டி முடித்ததும் எடைமேடையில் ஏற்றி மொத்த எடையைப் பாருங்கள், கொக்கி எடையையும் மறுபடி பாருங்கள். பிறகு முதல் இரவை வீட்டு வாசலிலேயே படுத்துப் பார்க்கலாம். எந்த மூலையில் காற்று வரவில்லை, எது கிறீச்சிடுகிறது, இரவில் எழுந்தால் கால் எதில் இடிக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரியும். அடுத்த ஓட்டத்துக்கு நகரத்தாரின் ஒன்பது கோயில்களைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி, மாத்தூர் என்று ஒன்பதும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஏதாவது கழன்றாலும் காரைக்குடிப் பட்டறை எட்டும் தூரம்தான். கோயில் வாசலில் நெரிசல் நேரத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிராதபடி சற்றுத் தள்ளியே நிறுத்துங்கள், ட்ரெய்லரோடு பின்னால் போவது தனிப் பயிற்சி. புறப்பட்டு 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, வீல் நட்டு எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள்.